ஆக்டேவ் பெடல் வாங்கும் முன் ஸ்பீக்கரைக் கவனியுங்கள்

எங்கள் குழுவில் இரண்டு கிட்டார்களும் டிரம்ஸும் மட்டுமே உண்டு. தாழ்ந்த சுரங்களுக்கான பாஸ் கிட்டாரை வாசிக்க ஆள் இல்லை. அந்தக் குறையைத் தீர்க்க, கிட்டாரின் சுரத்தை ஒரு ஸ்தாயி மேலோ கீழோ மாற்றித் தரும் கால்பெட்டியான ஆக்டேவ் பெடல் ஒன்றை வாங்குவது என்று முடிவானதும், கடைகளிலும் நண்பர்களின் வீடுகளிலும் கைக்குக் கிடைத்த பெடல்களையெல்லாம் வாசித்துப் பார்த்தேன். ஒரே பெயரில் விற்கப்படும் இந்தப் பெடல்கள் உள்ளுக்குள் மூன்று வெவ்வேறு வழிகளில் வேலை செய்கின்றன. அவற்றில் எது நமக்குப் பொருந்தும் என்பதை, பெடலின் விலையையும் பெயரையும்விட, அந்த ஒலி எந்த ஸ்பீக்கர் வழியாக வெளியே வரப்போகிறது என்பதே பெரும்பாலும் தீர்மானிக்கிறது. விமர்சனங்களில் அதிகம் பேசப்படாத இந்த விஷயத்தை, குறிப்பாகக் கீழ் ஸ்தாயிக்காகப் பெடல் தேடுகிறவர்களுக்காக, சற்று விரிவாகவே எழுதிவைக்க விரும்புகிறேன்.

முதல் வழி, மேல் ஸ்தாயியைக் கரகரப்பான ஃபஸ் ஒலியோடு சேர்த்துத் தரும் அனலாக் சுற்று. ரோஜர் மேயர் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் கிட்டார் கலைஞர் ஜிமி ஹெண்ட்ரிக்ஸுக்காகச் செய்துகொடுத்த ஆக்டேவியா பெடலின் ஒலியை, 1967-இல் வெளிவந்த ‘பர்ப்பிள் ஹேஸ்’ பாடலின் கிட்டார் சோலோவில் கேட்கலாம். இதன் அடிப்படை, மாறுமின்னோட்டத்தை நேர்மின்னோட்டமாக மாற்றும் முழு அலை திருத்திதான். கிட்டாரிலிருந்து வரும் அலையின் கீழ்ப்பாதியை டயோடுகள் மேல்நோக்கித் திருப்பிவிடுவதால், ஒரு முகடு இருந்த கால அளவுக்குள் இரண்டு முகடுகள் வந்துவிடுகின்றன. அதிர்வெண் இரட்டிப்பாகி, ஒரு ஸ்தாயி மேலே கேட்கிறது. இரண்டு பாதிகளும் சமமாக இருந்தால்தான் மூல சுரம் மறைந்து மேல் ஸ்தாயி தெளிவாக எழும் என்பதால், இந்தப் பெடல்களைச் செய்பவர்கள் டயோடுகளை அளந்து ஜோடி சேர்க்கிறார்கள்.

இவ்வகைப் பெடலிலிருந்து நல்ல ஒலியை வரவழைக்கக் கிட்டாரிலும் சில ஏற்பாடுகள் தேவை. தந்தியின் அதிர்வை மின்னலையாக்கும் பிக்கப்புகளில் கழுத்துப் பக்கமுள்ள நெக் பிக்கப்பைத் தேர்ந்தெடுத்து, டோன் குமிழை நன்றாகக் குறைத்து, 12-ஆம் ஃபிரெட்டுக்கு (கழுத்திலுள்ள உலோகக் கட்டைக்கு) மேலே ஒற்றைச் சுரங்களாக வாசிக்கும்போதுதான் மேல் ஸ்தாயி மணிபோல் எழும்புகிறது; அந்த இடத்தில் அலையில் கிளைச்சுரங்கள் (அடிச்சுரத்தோடு சேர்ந்து ஒலிக்கும் உயர்ந்த அதிர்வுகள்) குறைவாக இருப்பதே காரணம். இரண்டு சுரங்களைச் சேர்த்து வாசித்தால், அவற்றின் அதிர்வெண்களின் கூட்டலும் கழித்தலும் புதிய சுரங்களாக முளைக்கின்றன. 110 ஹெர்ட்ஸில் ஒலிக்கும் ஏ-யையும் அதன் ஐந்தாம் சுரமான 165 ஹெர்ட்ஸ் ஈ-யையும் சேர்த்தால், கழித்தலில் 55 ஹெர்ட்ஸ், அதாவது ஏ-யின் கீழ் ஸ்தாயி, கிடைக்கிறது. அதனால் இப்படி இரண்டு சுரங்கள் மட்டும் சேர்ந்த பவர் கார்டு ஓரளவு இசைந்து ஒலிக்கும். பல சுரங்கள் சேர்ந்த முழு கார்டை வாசித்தாலோ கரகரப்பு மட்டுமே மிஞ்சும். சோலோ வாசிப்பவர்களுக்கு இது மிக அழகான கருவி என்றாலும், பாஸின் வேலையை இதனிடம் ஒப்படைக்க முடியாது.

இரண்டாவது வழி, கீழ் ஸ்தாயிக்கான அனலாக் வகுப்பான். அலை பூஜ்யக் கோட்டைக் கடக்கும் ஒவ்வொரு சுற்றையும் எண்ணி, சுற்றுக்கு ஒருமுறை மட்டும் நிலை மாறி, இரண்டு சுற்றுகளில் தன் ஒரு சுற்றை முடிக்கும் ஃபிளிப்-ஃபிளாப் மின்சுற்று, அதிர்வெண்ணைப் பாதியாக்குகிறது. இன்னொரு ஃபிளிப்-ஃபிளாப்பைச் சேர்த்தால் கால்பங்காகிறது. எம்.எக்ஸ்.ஆர். நிறுவனத்தின் ப்ளூ பாக்ஸ் இப்படித்தான் இரண்டு ஸ்தாயி கீழே போய், சதுர அலையின் முரட்டு ஒலியைத் தருகிறது. பாஸ் (Boss) என்ற நிறுவனத்தின் ஓ.சி.-2 அதைவிட நயமானது; வகுப்பானின் சதுர அலையை அப்படியே வெளியே விடாமல், வடிகட்டிய கிட்டார் அலையையே அதைக்கொண்டு புரட்டிப் போடுவதால், நாம் அழுத்தி மீட்டினால் அழுத்தமாகவும் மென்மையாக மீட்டினால் மென்மையாகவும் கீழ் ஸ்தாயி பின்தொடர்கிறது. பாஸ் கிட்டார் வாசிப்பவர்கள் இன்றும் பழைய ஓ.சி.-2-ஐத் தேடி வாங்குவதற்கு அந்தத் தன்மையே காரணம் என்று நினைக்கிறேன்.

வகுப்பானுக்கு ஒரே சமயத்தில் ஒரு சுரம்தான் புரியும். இரண்டு தந்திகள் சேர்ந்து ஒலித்தால் எதை எண்ணுவது என்று தெரியாமல் அது இரண்டுக்கும் இடையே தாவுகிறது. தடித்த ஈ தந்தியைத் திறந்த நிலையில் பலமாக அடித்தாலும், கிளைச்சுரங்கள் மிகுந்து பூஜ்யக் கோட்டைக் கூடுதலாகக் கடப்பதால் தடுமாறுகிறது. அதே சுரத்தைப் பிக்கை விட்டுவிட்டுக் கட்டைவிரலின் சதையால் மீட்டி, மற்றத் தந்திகளை இடது கையால் அமர்த்திப் பிடித்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். ஆகவே இந்தப் பெடல் கையை ஒழுங்குபடுத்துகிறது. அதை நான் ஒரு குறையாகக் கருதவில்லை. கமகத்தோடு வாசிப்பவர்களுக்கு இது ஒருவகையில் பொருத்தமும்கூட. ஒரே தந்தியில் ஒரு மீட்டில் இழுத்துச் செல்லும் ஜாருவை வகுப்பான் சுத்தமாகப் பின்பற்றுகிறது. ஒலி தேய்ந்துபோகும் கடைசிக் கட்டத்தில் மட்டும் உடைகிறது.

மூன்றாவது வழி டிஜிட்டல். டிஜிடெக் நிறுவனத்தின் வாம்மி பெடல் 1989-இல் வந்தது. கால்மிதியால் சுருதியை மேலும் கீழும் வழுக்கிச் செல்லும் வசதியால் டாம் மொரெல்லோ போன்ற கிட்டார் கலைஞர்களின் கையில் அது பெயர்பெற்றது. பாஸ் வாசிப்பவர் இல்லாத தி ஒயிட் ஸ்ட்ரைப்ஸ் குழுவின் ‘செவன் நேஷன் ஆர்மி’ பாடலில் (2003) பாஸ் கிட்டார் என்று பலரும் நினைப்பது, அக்குழுவின் ஜாக் ஒயிட் வாம்மி மூலம் ஒரு ஸ்தாயி இறக்கி வாசித்த கிட்டார்தான். அந்தப் பகுதி முழுக்க ஒற்றைச் சுரங்களாலானது என்பதைக் கவனிக்க வேண்டும்.

முழு கார்டுகளைச் சமாளிப்பவை எலக்ட்ரோ-ஹார்மோனிக்ஸின் பி.ஓ.ஜி. வரிசையும் அதற்குப் பின் வந்த பாலிஃபோனிக் பெடல்களும். இவற்றில் ஆறு தந்திகளையும் சேர்த்து அடிக்கலாம். ஒவ்வொரு சுரத்துக்கும் அதன் ஸ்தாயி இணையாக ஒலிக்கும். மீட்டின் முதல் தாக்குதல் சற்று மழுங்கி, ஆர்கன் போன்ற சாயல் வருவதே இவற்றின் அடையாளம். வேகமான கமகங்களில் நீருக்கடியிலிருந்து கேட்பதுபோன்ற ஓர் அலைவு என் காதுக்குத் தெரிந்தது. பாஸ் நிறுவனம் 2020-இல் கொண்டுவந்த ஓ.சி.-5, ஒரு சுவிட்சைத் தள்ளினால் பழைய ஓ.சி.-2-இன் தன்மையையும் மறுபக்கம் தள்ளினால் பாலிஃபோனிக் தன்மையையும் தருகிறது. பாலிஃபோனிக் நிலையில், கீழ் ஸ்தாயி முழு கார்டுக்கும் சேர வேண்டுமா, தாழ்ந்த சுரங்களுக்கு மட்டும் போதுமா என்பதை அதன் ரேஞ்ச் குமிழால் வரையறுக்கலாம். கார்டுகளின் கீழ் ஸ்தாயி எப்போதும் குழம்பித்தான் ஒலிக்கும் என்பதால், இது மிகவும் பயனுள்ள வசதி.

இனி ஸ்பீக்கருக்கு வருகிறேன். கிட்டாரின் தடித்த ஈ தந்தி 82.4 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. அதன் கீழ் ஸ்தாயி 41.2 ஹெர்ட்ஸ், நான்கு தந்தி பாஸ் கிட்டாரின் திறந்த ஈ தந்தியும் அதுவே. இரண்டு ஸ்தாயி இறங்கினால் 20.6 ஹெர்ட்ஸ், மனிதக் காதின் எல்லைக்கே போய்விடுகிறோம். ஆனால் கிட்டார் ஸ்பீக்கர்கள் இந்தப் பகுதிக்காகச் செய்யப்பட்டவை அல்ல. மிகப் பரவலாகப் பயன்படும் செலஸ்டியன் விண்டேஜ் 30-க்கு அந்த நிறுவனமே தரும் அலைவரம்பு 70 முதல் 5000 ஹெர்ட்ஸ் வரைதான். ஆம்பும் (ஒலிபெருக்கும் கருவியும்) ஸ்பீக்கரும் ஒரே பெட்டியிலுள்ள, பின்பக்கம் திறந்த காம்போ ஆம்பாக இருந்தால், ஸ்பீக்கரின் பின்னாலிருந்து வரும் அலை முன்பக்கத்துக்குச் சுற்றிவந்து தாழ்ந்த ஒலியை மேலும் கரைத்துவிடும். அதாவது 41 ஹெர்ட்ஸை நாம் பெடலில் உருவாக்கினாலும், அறைக்குள் அது ஏறத்தாழ வருவதே இல்லை.

அப்படியானால் கீழ் ஸ்தாயி எப்படிக் கேட்கிறது? அடிச்சுரம் வராமல்போனாலும் அதன் கிளைச்சுரங்கள் வந்தால் போதும். காதும் மூளையும் அடிச்சுரத்தைத் தாமே ஊகித்துக்கொள்கின்றன. சதுர அலைக்கு நெருக்கமான ஒலியில் 124, 206 ஹெர்ட்ஸ் என்று கிளைச்சுரங்கள் வலுவாக இருப்பதால், சிறிய கிட்டார் ஆம்பிலும் வகுப்பான் பெடல் நன்றாகவே உறுமுகிறது. பாலிஃபோனிக் பெடலின் உருண்டையான, சுத்தமான கீழ் ஸ்தாயியோ அதே ஆம்பில் மெலிந்து காணாமல்போகிறது. போதாததற்கு, கேட்காத அந்த 41 ஹெர்ட்ஸ் ஸ்பீக்கரின் கூம்பை வீணாக ஆட்டி, கேட்க வேண்டிய மற்ற ஒலியையும் கலங்கடிக்கிறது. பாஸ் ஆம்பிலோ நல்ல சப்வூஃபர் (தாழ்ந்த ஒலிக்கான ஸ்பீக்கர்) உள்ள மேடை ஒலி அமைப்பிலோ நிலைமை தலைகீழ்: அங்கே பாலிஃபோனிக் பெடல் உண்மையான பாஸ் போலத் தரையை நிரப்பும்; வகுப்பான், சின்தசைசர் போல முரட்டுத்தனமாகத் தனித்துத் தெரியும். ஒரே பெடலை ஒருவர் உயர்வாகவும் இன்னொருவர் பயனற்றதாகவும் எழுதுவதைப் படித்துக் குழம்பியிருப்பீர்கள். அவர்களில் ஒருவர் வீட்டில் சிறிய ஆம்பில் வாசித்தவராகவும் மற்றவர் மேடையில் வாசித்தவராகவும் இருக்கலாம்.

இதனால் நான் பெடலில் முதலில் தேடியது இரண்டு வெளியீடுகளை. ஓ.சி.-2, ஓ.சி.-5, மைக்ரோ பி.ஓ.ஜி., நானோ பி.ஓ.ஜி. ஆகியவற்றில் மூல ஒலிக்குத் தனி வெளியீடு உண்டு. மூல ஒலியைக் கிட்டார் ஆம்புக்கும் கீழ் ஸ்தாயியை மட்டும் பாஸ் ஆம்புக்கும் அனுப்பிவிட்டால், ஒவ்வொரு ஸ்பீக்கரும் தனக்குத் தெரிந்த வேலையை மட்டும் செய்கிறது. ஒரே வெளியீடுள்ள பெடல் என்றால் கிட்டாருக்கும் அதற்கும் இடையே தனியாக ஒரு பிரிப்பான் பெட்டி வாங்க வேண்டிவரும். அந்தச் செலவையும் விலையோடு கூட்டிப் பார்க்க வேண்டும்.

கடையில் சோதிக்கும்போது உங்கள் கிட்டாரையே எடுத்துச் செல்லுங்கள். பிக்கப் மாறினால், பெடல் சுரத்தைப் பின்தொடரும் விதமும் (டிராக்கிங்) மாறும். மூல ஒலிக்கான குமிழை முழுவதும் குறைத்துவிட்டு, கீழ் ஸ்தாயியை மட்டும் கேளுங்கள். மூல ஒலி கலந்திருக்கும்வரை எந்தப் பெடலின் தடுமாற்றமும் வெளியே தெரியாது. தடித்த ஈ தந்தியில் 12-ஆம் ஃபிரெட்டில் தொடங்கி, ஒவ்வொரு ஃபிரெட்டாகக் கீழே இறங்கி, எந்த இடத்தில் சுரம் உடையத் தொடங்குகிறது என்று பாருங்கள். பிறகு ஒரு சுரத்தை மீட்டிவிட்டு, அது தேய்ந்து அடங்கும்வரை பொறுமையாகக் கேளுங்கள். சில பெடல்கள் மெதுவாக மங்கும். சில படபடத்து வெடுக்கென்று நின்றுவிடும். கடைசியாகத் தந்திகளைக் கையால் அமர்த்தி வேகமாக அடித்துப் பாருங்கள். சுருதியைக் கண்டறிந்து வேலை செய்யும் எந்தக் கருவிக்கும் அலையின் ஒரு முழுச் சுற்றாவது தேவை. 82 ஹெர்ட்ஸில் ஒரு சுற்றுக்கே 12 மில்லி விநாடி ஆகிறது. ஆம்பிலிருந்து நான்கு மீட்டர் தள்ளி நிற்கும்போது ஒலி வந்துசேர ஆகும் நேரமும் அதுவே. மெதுவான பாடலில் இது தெரியாது. டிரம்ஸின் கிக்கோடு ஒட்டி வாசிக்கும்போது உடனே தெரியும்.

இத்தனைக்கும் பிறகு நான் எடுத்தது நானோ பி.ஓ.ஜி. எங்கள் பாடல்களில் நான் இரண்டு, மூன்று தந்திகளைச் சேர்த்தே வாசிக்கிறேன். பயிற்சி அறையில் பாஸ் ஆம்பும் இருக்கிறது. இவ்விரண்டும் இல்லாதிருந்தால் தயங்காமல் ஓ.சி.-2 வகைக்கே போயிருப்பேன். கிட்டாரிலிருந்து வரும் கேபிள் டியூனரையும், ஒலியின் ஏற்றத்தாழ்வைக் குறைக்கும் கம்ப்ரஸரையும் கடந்ததும் ஆக்டேவ் பெடலில் நுழைகிறது. டிஸ்டார்ஷன் அதற்குப் பின்னால், கிட்டார் ஆம்புக்குப் போகும் பாதையில் மட்டும். கம்ப்ரஸர் முன்னால் இருப்பதால் கீழ் ஸ்தாயியின் அளவு மேலும் கீழும் குதிக்காமல் சீராக நிற்கிறது.

இரண்டு ஆம்புகளை ஒரே கிட்டாரோடு இணைக்கும்போது எர்த் வழியாக ‘உம்ம்’ என்ற இரைச்சல் வர வாய்ப்புண்டு. இரண்டையும் ஒரே மின்பலகையில் செருகிப் பாருங்கள். அப்போதும் போகவில்லையென்றால், டிரான்ஸ்ஃபார்மர் வைத்த தனிமைப்படுத்தும் பெட்டி ஒன்றைப் பாஸ் ஆம்புக்குப் போகும் கேபிளில் சேர்க்க வேண்டும். இரைச்சலை நிறுத்துவதற்காக ஆம்பின் எர்த் முனையைக் கழற்றிவிடும் வழக்கம் சிலரிடம் இருக்கிறது. அது உயிருக்கே ஆபத்தானது. யார் சொன்னாலும் செய்யாதீர்கள்.

பாஸ் ஆம்பில் 40 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வெட்டிவிடும் வசதி இருந்தால் பயன்படுத்துங்கள். கிக் டிரம்முக்கு இடம் கிடைக்கும். பெடலில் கீழ் ஸ்தாயிக் குமிழை நடுவுக்குச் சற்று மேலேயும், மூல ஒலியைப் பூஜ்யத்திலும் வைத்திருக்கிறேன். மேல் ஸ்தாயிக் குமிழும் பெரும்பாலான பாடல்களில் பூஜ்யத்தில்தான் இருக்கும்; மற்றக் கிட்டார் ஓய்வெடுக்கும் இடங்களில் மட்டும், 12 தந்திக் கிட்டாரின் மினுமினுப்பு வரும் அளவுக்கு அதை மெல்லத் திறக்கிறேன்.