பைலட் பாண்டுக்கு ஜாமீன் கையெழுத்துப் போடுமுன்

பைலட் பாண்டு, அதாவது விமானக் கம்பெனியில் சேரும் பைலட் இத்தனை வருஷம் வேலை பார்க்காமல் போனால் இவ்வளவு பணம் கட்டுவதாக எழுதிக் கொடுப்பது. அது என்றதும் எல்லாரும் கேட்பது "எத்தனை லட்சம்?" என்றுதான். முதலில் கேட்க வேண்டியது வேறு. அந்தத் தொகை மாதாமாதம் குறைகிறதா, கடைசி நாள் வரைக்கும் முழுசாக நிற்கிறதா?

ராமேஸ்வரம், மண்டபம் பக்கம் விசைப்படகு வேலை தெரிந்தவர்களுக்கு இது புரிய நேரம் ஆகாது. படகுக்காரரிடம் முன்பணம் வாங்கினால் கணக்கை முடிக்காமல் வேறு படகு ஏற முடியாது. பாண்டும் அதே கணக்குதான். ஆனால் முன்பணம் வாங்கியவர் கையில் காசு வந்திருக்கும். பாண்டில் "உனக்குப் பயிற்சிக்கு இவ்வளவு செலவு பண்ணினோம்" என்று கம்பெனி எழுதும் எண் மட்டும்தான் இருக்கும். அந்த எண் எப்படி வந்தது என்று பிரித்துக் காட்டச் சொல்லிக் கேட்கலாம்: சிமுலேட்டருக்கு (தரையிலேயே விமானம் ஓட்டிப் பழகும் இயந்திரம்) எவ்வளவு, வகுப்புக்கு எவ்வளவு, விமானத்தில் தரையிறக்கிப் பழகியதற்கு எவ்வளவு. டைப் ரேட்டிங்குக்கு (குறிப்பிட்ட விமான வகையை ஓட்டும் தகுதி) சொந்தக் காசு கட்டிய பிள்ளையிடமும் முழு பாண்டு கேட்டால், எந்தச் செலவுக்கு என்று எழுத்தில் வாங்குங்கள். இந்தக் கேள்வியைக் கேட்கவே பலர் கூச்சப்படுகிறார்கள். ஏன் என்று விளங்கவில்லை.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். பாண்டு 20 லட்சம், காலம் 5 வருஷம் என்று வையுங்கள். பையன் 3 வருஷம் 4 மாதத்தில், அதாவது 40 மாதம் முடித்து வெளியேறுகிறான். மாதவாரியாகக் குறையும் பாண்டு என்றால் மீதி 20 மாதத்துக்கு 6,66,667 ரூபாய். முடிந்த முழு வருஷத்துக்கு மட்டும் குறையும் என்றால் 3 வருஷம்தான் கணக்கில் சேரும், 8 லட்சம் கட்ட வேண்டும். குறையவே குறையாது என்றால் 20 லட்சமும். ஒரே தொகை, ஒரே காலம், ஒரு வாக்கியம்தான் மாறுகிறது. அதோடு வட்டி, வரி, வழக்குச் செலவு என்று கீழே ஒரு வரி இருக்கிறதா பாருங்கள். பாண்டு முறிவுக்கும், ராஜினாமா சொன்னபின் நோட்டீஸ் காலம் வேலை பார்க்காமல் போனதற்கான பிடித்தத்துக்கும் ஜிஎஸ்டி கிடையாது என்று மத்திய வரி வாரியம் 2022 ஆகஸ்டிலேயே சுற்றறிக்கை விட்டுவிட்டது.

அடுத்தது, 5 வருஷம் எந்த நாளிலிருந்து ஆரம்பிக்கிறது என்பது. ஆஃபர் லெட்டர் வந்த பிறகு தரை வகுப்பு, சிமுலேட்டர், திறன் தேர்வு, லைசென்சில் டைப் ஏற்றுவது, பிறகு பயிற்சி கேப்டனோடு பயணிகள் விமானத்தில் பறப்பது, கடைசியில் லைன் ரிலீஸ், அதாவது பயிற்சி கேப்டன் இல்லாமல் வழக்கமான பணியில் பறக்க விடுவது. சிமுலேட்டர் இடம் கிடைக்காமலோ விமானம் வந்து சேராமலோ நடுவில் மாதக்கணக்கில் சும்மா உட்கார வேண்டி வரும். சேர்ந்த நாளிலிருந்து கணக்கு என்றால் அந்தக் காத்திருப்பும் பாண்டில் கழியும். லைன் ரிலீஸிலிருந்து என்றால் கழியாது, உதவித்தொகையில் காலம் தள்ளும் மாதங்கள் பிள்ளையின் தலையில். பிறகு கேப்டன் ஆகும்போதோ விமான வகை மாறும்போதோ இரண்டாவது பாண்டு வரும். அது முதல் பாண்டோடு சேர்ந்து ஓடுமா, முதலாவது முடிந்தபின் ஆரம்பமா என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும்.

ராஜினாமா செய்தால் மட்டும் பாண்டு பாயும் என்று நினைக்க வேண்டாம். சிமுலேட்டர் சோதனையில் இரண்டு முறை தவறினால், மெடிக்கலில் தகுதி போனால், கம்பெனியே ஆட்குறைப்பு செய்தால், சம்பளமே வராமல் வெளியேறினால் என்ன ஆகும்? கிங்ஃபிஷர் 2012-ல் நின்றது, ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரலில் நின்றது, கோ ஃபர்ஸ்ட் 2023 மே மாதம் திவால் மனு போட்டது. ஆகவே "இத்தனை நாள் சம்பளம் பாக்கி விழுந்தால் பாண்டு ரத்து", "மருத்துவக் காரணத்தால் லைசென்ஸ் போனால் பாண்டு ரத்து" என்ற இரண்டு வரிகளுக்காவது வாதாடுங்கள்.

இப்போது ஜாமீன். நம் பக்கத்தில் வாப்பாவோ, தாய்மாமனோ, வளைகுடாவில் இருக்கும் மச்சானோ கையெழுத்துப் போடுவார். "பேருக்குத்தானே" என்பார்கள். 1872-ம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டம் 128-வது பிரிவுப்படி, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாத வரைக்கும், கடன்பட்டவருக்கு உள்ள அதே பொறுப்பு ஜாமீன்தாரருக்கும் உண்டு. பையனைத் தேடி அலையாமல் நேரே மாமா வீட்டுக்கே வக்கீல் நோட்டீஸ் வரலாம். "அதிகபட்சம் இவ்வளவு, பாண்டு குறையக் குறைய இதுவும் குறையும்" என்று ஜாமீன் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள்.

தேதி போடாத செக் கேட்டால் இன்னும் கவனம். அது திரும்பினால் மாற்றுமுறை ஆவணச் சட்டம் 138-வது பிரிவில் கிரிமினல் வழக்கு: 2 வருஷம் வரை சிறை, அல்லது செக் தொகையின் இரண்டு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும். வங்கி உத்தரவாதம் கேட்டால் கம்பெனி கேட்ட உடனே வங்கி பணத்தைக் கொடுத்துவிடும், யார் பக்கம் நியாயம் என்று அது பார்க்காது. உத்தரவாதம் கொடுக்க வங்கி டெபாசிட்டோ சொத்தோ கேட்கும். சிக்கல் இங்கேதான். படிப்புக் கடனுக்கே தோப்பும் வீடும் வங்கியில் போயிருக்கும். கடற்கரை ஊர்களில் பல வீடுகள் புறம்போக்கில் நிற்கின்றன, பட்டா இருந்தாலும் கூட்டுப் பட்டா. ஒரே சொத்தை இரண்டு இடத்தில் காட்ட முடியாது என்பது ஆஃபர் வந்தபின்தான் உறைக்கிறது. பயிற்சிப் பள்ளியில் சேரும்போதே இந்தக் கணக்கைப் போட்டுவிட வேண்டும்.

"பாண்டெல்லாம் கோர்ட்டில் நிற்காது மாப்ள" என்று சொல்ல ஊருக்கு நாலு பேர் இருப்பார்கள். நிற்கும். 2025 மே மாதம் விஜயா வங்கி வழக்கில், 3 வருஷம் முடிக்காமல் போனால் 2 லட்சம் கட்ட வேண்டும் என்ற நிபந்தனை செல்லும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வேலை பார்த்தே தீர வேண்டும் என்று யாரையும் கட்டாயப்படுத்த முடியாது. பணம் கேட்கலாம். அதுவும் ஒப்பந்தச் சட்டம் 74-வது பிரிவில், எழுதிய தொகைக்கு மேல் போகாமல், நியாயமான ஈடு மட்டும். செலவைப் பிரித்துக் காட்டச் சொன்னது இதற்காகத்தான். எந்த ஊர் நீதிமன்றம் என்ற வரியையும் படியுங்கள். ராமநாதபுரத்திலிருந்து குருகிராமுக்கு வாய்தாவுக்குப் போய் வருவது தனிச் செலவு.

நோட்டீஸ் காலத்தை பாண்டோடு போட்டுக் குழப்பக் கூடாது. விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான டிஜிசிஏ 2017-ல் திருத்திய விதிப்படி கேப்டனுக்கு 1 வருஷம், துணை விமானிக்கு 6 மாதம். பாண்டு முடிந்தாலும் இது உண்டு. நோட்டீஸ் ஓடும்போது கம்பெனி சம்பளத்தைக் குறைத்தால் முன்கூட்டியே விடுவிக்கக் கேட்கலாம் என்று அதே விதியில் இருக்கிறது. நோட்டீஸ் முடிக்காமல் போன விமானிகள் சிலர் மேல் ஆகாசா ஏர் 2023-ல் மும்பை உயர் நீதிமன்றம் போனது நினைவிருக்கும்.

சம்பளத்தில் பார்க்க வேண்டியது, மாதத்துக்கு எத்தனை மணிக்கு உறுதிச் சம்பளம் என்பது. விமானம் பறந்தாலும் பறக்காவிட்டாலும் கிடைப்பது அது ஒன்றுதான். மேற்கொண்டு பறக்கும் மணி என்பது சக்கரத்துக்குக் கட்டை எடுத்ததிலிருந்து மறுபடி கட்டை வைக்கும் வரைக்கும். ஒன்றேகால் மணி நேரப் பயணம் நாலு என்றால் வேலையில் இருந்தது எட்டரை மணி, கணக்கில் ஏறுவது 5 மணி. ஸ்டாண்ட்பைக்கும் (கூப்பிட்டால் வரத் தயாராக இருப்பது), பயணி இருக்கையில் உட்கார்ந்து வேறு ஊருக்கு வேலைக்குப் போவதற்கும் என்ன தருகிறார்கள் என்று தனியாகக் கேட்க வேண்டும்.

ஓய்வு விதிகள் இப்போது கொஞ்சம் தேவலை. 2024 ஜனவரியில் வந்த புதிய விதி 2025 ஜூலை, நவம்பர் என்று இரண்டு கட்டமாக அமலுக்கு வந்தது. வார ஓய்வு 36 மணியிலிருந்து 48 மணி ஆனது, அதில் இரண்டு இரவு அடங்கும். இரவுப் பணியில் தரையிறக்கம் 6-லிருந்து 2 ஆகக் குறைந்தது. டிசம்பரில் இண்டிகோ விமானங்கள் கூட்டம் கூட்டமாக ரத்தானதும், இரவுப்பணி விதிகளில் அந்த நிறுவனத்துக்கு 2026 பிப்ரவரி 10 வரை விலக்கு தரப்பட்டது. ரோஸ்டரை (பணி அட்டவணை) நம்பி வீட்டு விசேஷத்துக்குத் தேதி குறிப்பவர்கள் இதைக் கவனிக்கவும்.

இந்த 48 மணி நம் ஊர்க்காரருக்கு எப்படிக் கழியும்? சென்னையில் வேலை என்றால் ராமநாதபுரத்துக்கு ரயிலில் ஏறத்தாழ 10 மணி நேரம். போக வர 20 போனால் வீட்டில் 28 மணிதான். இரண்டு இரவுத் தூக்கமும் ரயில் பெர்த்தில் என்றால் ஓய்வு தாளில்தான் இருக்கும். இரண்டு வார ஓய்வை விடுப்போடு சேர்த்து எடுக்க முடியுமா, எந்த ஊர் பேஸ் (பணி தொடங்கி முடியும் ஊர்), கம்பெனி இஷ்டத்துக்கு பேஸை மாற்றலாமா என்பதை ஆஃபர் லெட்டரிலேயே பாருங்கள்.

பாண்டு முடிந்த மறுநாளே வாங்க வேண்டியவை: பாண்டு தீர்ந்தது என்ற கடிதம், கொடுத்து வைத்த செக், வங்கி உத்தரவாதத்தின் அசல், ஜாமீன்தாரரை விடுவித்த கடிதம். தொடர்ந்து அதே கம்பெனியில் வேலை பார்த்தாலும் இவற்றை வாங்கி வையுங்கள். வேலையை விடும் நேரத்தில் கேட்டால் என்ஓசியோடு (ஆட்சேபணை இல்லை என்ற சான்று) சேர்த்து இழுத்தடிப்பார்கள்.