தராசில் ஏற்றும் முன்

வண்ணாரப்பேட்டையில் பழைய சாமான் வாங்கி விற்கும் கடையில் எனக்குப் பதினெட்டு வருட வேலை. கட்டில், கதவு, தையல் மிஷின், கப்பல் விளக்கு என்று எது வந்தாலும் முதலில் பார்த்து விலை சொல்வது நான்தான். 1856-இல் ராயபுரத்திலிருந்து தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் கிளம்பியது. அன்று தொட்டு இந்தப் பக்கம் ரயில்வே குடும்பங்கள் அதிகம். அவர்கள் வீடு காலி செய்யும்போது எங்களுக்குத்தான் சொல்லி அனுப்புவார்கள். அப்படிப் பெரம்பூரில் ஒரு வீட்டின் பின்கட்டில் பார்த்ததுதான் அந்த விறகு அடுப்பு.

நம் வீட்டு மண் அடுப்பு மாதிரி இல்லை. இடுப்புயர வார்ப்பிரும்புப் பெட்டி. இடப்பக்கம் விறகு எரியும் அறை, அதை ஒட்டி ரொட்டியும் கேக்கும் சுடும் ஓவன், மேலே வட்ட மூடிகள் போட்ட தட்டு, பின்னால் புகைக்குழாய். வீட்டுக்கார ஆன்ட்டிக்கு எண்பது தாண்டிவிட்டது. ஆஸ்திரேலியாவில் இருக்கும் மகனிடம் போகிறார். "இதுக்கு என்ன தருவே தம்பி?" என்று கேட்டார்.

முதலாளிக்கு போன் போட்டேன். "எடை போடு, இரும்பு விலை சொல்லு" என்றார்.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருடம் நான் அப்படித்தான் செய்தேன். ராயபுரத்தில் ஒரு பெரியவர் வீட்டில் இதே மாதிரி ஓர் அடுப்பு. "வெறும் இரும்புதாங்க ஐயா" என்றேன். "நீ சொன்னா சரிதான்" என்று கொடுத்துவிட்டார். மீன்பாடி வண்டியில் ஏற்றி, சாயங்காலமே காயலான் கடையில் இறக்கினோம். வார்ப்பிரும்பில் கரிமம் அதிகம். சம்மட்டி பட்டால் வளையாது, சில்லுச் சில்லாகத் தெறிக்கும். தெறித்த கதவுத் துண்டில் எழுத்துகள் தெரிந்தபோதுதான் நான் அந்தக் கதவைத் திறந்துகூடப் பார்க்கவில்லை என்பது உறைத்தது. விற்கிறவருக்கு விவரம் தெரியாது. வாங்குகிற நானே மதிப்பும் சொல்கிறேன். அவர் என் வார்த்தையை நம்பினார். அந்த "சரிதான்" இன்னும் காதில் இருக்கிறது.

அதனால் பெரம்பூரில் ஒரு நாள் அவகாசம் கேட்டேன்.

முதலில் விரல் முட்டியால் ஒவ்வொரு தகட்டையும் தட்டினேன். நல்ல வார்ப்பு கணீர் என்று சொல்லும். விரிசல் இருந்தால் சத்தம் செத்துவிடும். இடது பக்கத் தகடு செத்தது. விளக்கை அணைத்து, டார்ச்சை நெருப்பறைக்குள் வைத்துக் கதவை மூடினேன். அந்தத் தகட்டில் முடி மாதிரி ஒரு கோடு வெளிச்சம் வந்தது. "நெருப்பை எப்படி அணைப்பீங்க ஆன்ட்டி?" என்று கேட்டேன். சமையல் செய்த ஆயா தண்ணீர் தெளித்து அணைத்து, கரியை எடுத்து வைப்பாராம். நம் ஊரில் எல்லா வீட்டிலும் இருந்த சிக்கனம்தான். மண் அடுப்பு அதைத் தாங்கும். சிவக்கக் காய்ந்த வார்ப்பிரும்பு தாங்காது.

அடுத்தது விறகு கிடக்கும் கம்பித்தட்டு. நடுவில் வில்லாக வளைந்து தொங்கியது. வெறும் விறகு எரித்து இப்படி ஆவது அபூர்வம், விறகு தன் சாம்பல் மெத்தை மேலேயே எரிந்துவிடும். நிலக்கரிக்குக் கீழிருந்து காற்று வேண்டும், சூடும் அதிகமாக உறைக்கும். கேட்டேன். "அப்பா என்ஜின் டிரைவர். எங்க வீட்ல கரிக்கு என்ன பஞ்சம்?" என்று சிரித்தார். ஓர் இரும்புத் தட்டு ஒரு வீட்டின் கதையை இவ்வளவு நேராகச் சொல்லும் என்பதுதான் இந்த வேலையில் எனக்கு இன்னும் பிடித்த விஷயம்.

பலரும் பார்க்காமல் விடுவது ஓவனின் அடிப்பக்கம். புகைக்குழாய் அடைப்பான் திறந்திருந்தால் புகை நேரே மேலே போய்விடும். அதை மூடினால் ஓவனின் தலைமேல் ஓடி, பக்கவாட்டில் இறங்கி, அடியில் சுற்றிக்கொண்டு வெளியேறும். கேக் அடியும் மேலும் ஒன்றாக வேகும் ரகசியம் அதுதான். அந்த அடிப்பாதையில் தங்கும் சாம்பல் ஈரத்தை இழுக்கும், நம் கடல்காற்றுக்குச் சொல்லவே வேண்டாம். கீழே சாம்பல் வழிக்கும் சின்னக் கதவைக் கழற்றி உள்ளே கை விட்டேன். துரு இருந்தது, ஓட்டை இல்லை. அந்த நிமிடமே இது எடைக்குப் போகிற சாமான் இல்லை என்று முடிவு செய்தேன். (கதவு ஓரத்தில் வெள்ளைக் கயிறு சுற்றியிருந்தால் காய்ந்தபடி சுரண்டாதீர்கள். அந்தக் காலத்துக் கயிறு ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம்.)

கதவில் ஸ்காட்லாந்தின் பானிபிரிட்ஜ் ஊர்ப்பெயர் வார்த்திருந்தது. 1854-இல் தொடங்கிய ஸ்மித் அண்ட் வெல்ஸ்டுட் கம்பெனியின் அடுப்புகள் அந்த ஊர் வார்ப்படம்தான். கீழே ஆர், டி என்று இரண்டு எழுத்தும் ஓர் எண்ணும் இருந்தன. பிரிட்டனில் வடிவங்களை அப்படி எண் போட்டுப் பதிந்தது 1884 முதல். ஆனால் அது வடிவம் பதிந்த காலம், அடுப்பு வார்த்த காலம் இல்லை. ஒரே அச்சில் பல வருடம் ஊற்றுவார்கள். இதை மறந்து வயதைக் கூட்டிச் சொல்லும் வியாபாரிகள் உண்டு.

"கூடவே எடுத்துட்டுப் போகலாமா?" என்று ஆன்ட்டி கேட்டார். 1972-ஆம் வருடத்துப் பழம்பொருள் சட்டப்படி நூறு வருடம் தாண்டிய பழம்பொருளை நாமாக வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. பழம்பொருள் இல்லை என்று தொல்லியல் துறையிடம் சான்று வாங்க வேண்டும் என்றேன். 140 கிலோவுக்குக் கப்பல் கூலியையும் நினைத்து அவரே விட்டுவிட்டார்.

விலைக்கு வருவோம். பெரும்பாலோர் இரும்பு விலையில் தொடங்கி, பழசு என்பதற்காகக் கொஞ்சம் ஏற்றுவார்கள். நான் மேலிருந்து இறங்குவேன். நன்றாக எரியும் அடுப்புக்கு ஒருவர் என்ன தருவார், அதில் விரிசல் ஒட்டும் செலவு, கம்பித்தட்டு வார்க்கும் செலவு, வண்டிக் கூலி, எங்கள் லாபம் போனால் என்ன மிச்சம்? அந்தக் கணக்கை ஆன்ட்டி எதிரிலேயே எழுதினேன். பக்கத்தில் இரும்பு விலையையும், அழகுக்கு வாங்குகிறவர் தரும் விலையையும் எழுதினேன். மூன்றையும் பார்த்துவிட்டு, விற்றபின் பங்கு என்று ஒப்புக்கொண்டார். முதலாளிக்கு முதலில் கோபம்தான். அப்புறம், கைக்காசு முடங்காது என்று சரி சொன்னார்.

கம்பித்தட்டில் நான் ஒரு தப்பு செய்தேன். பழைய தட்டை நிமிர்த்த முடியாததால் அதன் அளவை அப்படியே எடுத்து மர அச்சு செய்து, அம்பத்தூர் வார்ப்படப் பட்டறையில் கொடுத்தேன். வார்ப்பிரும்பு ஆறும்போது ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்கு சுருங்கும். 40 சென்டிமீட்டரில் 4 மில்லிமீட்டர் போய்விட்டது. புதுத் தட்டு ஒரு பக்கம் நழுவிச் சாம்பல் குழியில் விழுந்தது. அச்சைப் பெரிதாக்கி மறுபடி வார்த்தோம். இரண்டாவது கூலியை அவர் பங்கில் கழிக்கலாமா என்று முதலாளி கேட்டார். என் தப்பு அது, கடைக் கணக்கில் போடுங்கள் என்றேன். போட்டார்.

விரிசலை நிக்கல் கம்பி வைத்து, தகட்டை மெதுவாகச் சூடேற்றி ஒட்டினார்கள். கடை முற்றத்தில் சவுக்கு விறகு போட்டு எரித்துப் பார்த்தோம். அடைப்பானை மூடி முக்கால் மணி நேரம் கழித்து ஓவன் தரையில் மாவு தூவினேன்; பொன்னிறமாகச் சிவந்தது. கோவளம் பக்கம் ரொட்டி சுடும் தம்பதி வாங்கிப் போனார்கள். கணக்கையும் அடுப்பு எரியும் படத்தையும் ஆன்ட்டிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன்.

மறுநாள் குரல் பதிவு வந்தது. பணத்தைப் பற்றி ஒன்றும் இல்லை. "கரி மட்டும் போட வேண்டாம்னு அவங்ககிட்ட சொல்லிடு தம்பி."