ஒரு 'காண்க'

எங்கள் ஆவணக் காப்பக அட்டவணையிலிருந்து அந்த 'காண்க'வை நீக்கியது சரிதான் என்று சில நாள் தோன்றுகிறது. சில நாள் தோன்றுவதில்லை.

அது இணைத்தது இரண்டு கடிதங்களை. பிரிட்டனில் தேர்தலுக்கு நின்ற ஒருவர் 1949இல் ஆறு நாள் இடைவெளியில் தட்டச்சு செய்தவற்றின் கார்பன் நகல்கள். ஒன்று பாதிரியாருக்கு: தூக்குத் தண்டனையை ஒழிக்க என்னால் ஆனதைச் செய்வேன். மற்றது தொகுதியில் கடை வைத்திருந்த ஆதரவாளருக்கு: கொலைகாரனுக்குத் தூக்குதான். முந்தைய வருடம்தான் காமன்ஸ் சபை 245க்கு 222 என்று தூக்கை ஐந்தாண்டு நிறுத்திவைக்க வாக்களித்து, பிரபுக்கள் சபை அதைத் தள்ளியிருந்தது. வாக்குக் கேட்டுப் போகிறவர் அந்தக் கேள்வியிலிருந்து தப்பியிருக்க முடியாது. இவர் லிபரல் வேட்பாளர். 1950 பிப்ரவரியில் அந்தக் கட்சிக்கு நின்ற 475 பேரில் 319 பேர் டெபாசிட் இழந்தார்கள். எட்டில் ஒரு பங்கு வாக்கு கிடைக்காவிட்டால் 150 பவுண்டு போச்சு. இவருக்கும் போச்சு. அரசியலும் அதோடு சரி.

காகிதம் வந்த அடுக்கைக் கலைக்காதே என்பது எங்கள் தொழிலின் பால பாடம். பாதிரியார் கடிதம் தேவாலயக் கோப்பில் இருந்தது, கடைக்காரர் கடிதம் வேறொரு கட்டில். ஒன்றைப் பார்ப்பவர் மற்றதைப் பார்க்க வழியே இல்லை. அதனால் அட்டவணையில் ஒவ்வொன்றின் கீழும் மற்றதன் எண்ணைப் போட்டு 'காண்க' என்று எழுதினேன். அவ்வளவுதான் செய்தேன்.

அவருடைய காகிதப் பெட்டிகளை எங்களுக்குக் கொடுத்த மகள் வந்தார். எண்பது வயதுக்கு மேல்.

"என் அப்பாவை இரட்டை நாக்குக்காரர் என்று எழுதியிருக்கிறீர்கள்."

"அப்படி ஒரு வார்த்தையும் இல்லையே, அம்மா."

"வார்த்தை எதற்கு? 'காண்க' என்று போட்டிருக்கிறீர்களே."

உள்ளதைத்தான் எழுதினேன் என்றேன். இப்போதும் அதைச் சொல்லிப் பார்க்கிறேன், நாக்கில் ஒட்டவில்லை. நூற்றுக்கணக்கான நகல்களில் இந்த இரண்டை மட்டும் ஏன் முடிச்சுப் போட்டேன்? அவர் சாயம் வெளுப்பதைப் பார்த்து ஒரு சின்னச் சந்தோஷம் எனக்கு இருந்தது உண்மை. ஆறு நாளில் ஒரு மனிதர் மனம் மாறியிருக்கலாம். கடைக்காரர் என்ன எழுதிக் கேட்டார் என்பதும் பெட்டியில் இல்லை.

மேலதிகாரி, உங்கள் முடிவு என்றார். 'காண்க'வை நீக்கிவிட்டேன். கோபத்துக்குப் பயந்து அல்ல. சரி, கொஞ்சம் பயந்துதான். ஆனால் காரணமும் வைத்திருந்தேன்: கணினியில் 'தூக்கு' என்று தேடினால் இரண்டும் வரும், இணைப்பதை வாசகர் பார்த்துக்கொள்ளட்டும்.

வராது. கடைக்காரர் கட்டுக்கு நான் எழுதியிருந்த ஒரே வரி, 'தொகுதி விவகாரங்கள், பலவகை'. 'காண்க' போனபிறகு அந்தக் கடிதத்தைப் பற்றி அட்டவணையில் ஒரு சொல்கூட மிஞ்சவில்லை. மறுநாளே கவனித்தேன். திருத்த இரண்டு நிமிடம் ஆகாது. 'தூக்கு' என்று ஒரு சொல்லைச் சேர்த்தாலும் அந்த அம்மாவுக்குக் கொடுத்த வாக்கை மீறிய மாதிரி ஆகிவிடுமோ என்று விட்டேன். அவருக்கு நான் வாக்கு எதுவும் கொடுக்கவில்லை.

போன மாதம் ஒரு மாணவி வந்தாள். தூக்கை எதிர்த்த லிபரல் வேட்பாளர்களைப் பற்றி ஆய்வு. தேவாலயக் கோப்பைக் கேட்டாள், எடுத்துக் கொடுத்தேன். பாதிரியார் கடிதத்தை முழுசாகப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தாள்.

பேனா கூடாது, பென்சில்தான் என்று சொல்லிவிட்டு என் மேசைக்குத் திரும்பினேன்.