முறத்தைக் காட்டினா குப்பை அள்ளுறதுன்னு சொல்லுது

மூணு வாரம் முன்னாடி இங்க டொரண்டோல சனிக்கிழமை தமிழ் வகுப்புல ம வரிசைக்குப் படம் காட்டிட்டு இருந்தேன். மரம் சொன்னாங்க, மயில் சொன்னாங்க, முறம் படத்தைத் தூக்கினதும் அஞ்சு வயசுப் பொண்ணு ஒண்ணு எழுந்து நின்னு "குப்பை அள்ளுறது!"ன்னுச்சு. மத்த பசங்களும் ஆமா ஆமான்னு தலையாட்டுறாங்க. அங்க நானும் சிரிச்சுட்டேன், வீட்டுக்குத் திரும்பறப்ப பஸ்ல உக்காந்ததும் தான் மனசு கனத்துப் போச்சு. கால் தெரியாம பட்டாக் கூட தொட்டுக் கண்ணுல ஒத்திக்குவோமே, அந்த முறம்.

ஆனா அந்தப் பொண்ணு மேல தப்பே இல்லங்க. வெள்ளை பின்னணி, வெறும் முறம், மூணு பக்கம் விளிம்பு, முன்னாடி அகலமா திறந்து கிடக்கு. எவ்வளவு பெருசுன்னும் படத்துல தெரியல. சின்னப் பிள்ளைங்க புது வார்த்தையை முதல்ல உருவத்தோட தான் முடிச்சுப் போடும், அதுக்குத் தெரிஞ்ச உருவம் இங்க வீட்டு மூலையில நிக்கிற குப்பை முறம் தான்.

டொரண்டோ வந்து ஆறு வருஷம் ஆச்சு, பனி, பஸ், வரிசை எல்லாம் பழகிடுச்சு. படம் தேர்ந்தெடுக்கிறது மட்டும் இன்னும் பிடிபடல. இலைக்கு சிவப்பு மேப்பிள் இலை காட்டினா பாதி வகுப்பு "கனடா"ன்னு கத்துது, கொடியில இருக்கே. மறுவாரம் தரையில கிடந்த நாலு விதமான இலையும் வீட்டு ஃப்ரிட்ஜ்ல இருந்த கறிவேப்பிலையும் கொண்டு போய் பரப்பின பிறகு தான் இலைன்னா இலைன்னு ஆச்சு. குடைக்கு மழையில பூட்ஸ் போட்ட பாப்பா படம் வச்சேன், மழைங்குது ஒண்ணு, பூட்ஸ்ங்குது ஒண்ணு. தினம் பார்க்கிற பொருளுக்கு அது மட்டும் தனியா இருக்கிற படம் போதும், பார்க்கவே பார்க்காத பொருளுக்கு அதைப் பிடிச்ச கையும் அது செய்யற வேலையும் படத்துல இருந்தே ஆகணும். இது தான் எனக்குப் புரிஞ்சது.

அம்மாவுக்கு போன் போட்டேன், அரிசி புடைக்கிறப்ப ஒரு வீடியோ எடுத்து அனுப்பும்மான்னு. "இப்ப யாருடி புடைக்கிறா, கல்லு இல்லாம பாக்கெட்ல வருது"ன்னு சொல்லிட்டாங்க. அப்புறமும் பரண்ல இருந்து முறத்தை இறக்கித் துடைச்சு, பக்கத்து வீட்டுப் பையன் கையில போனைக் கொடுத்து எடுக்க வச்சிருக்காங்க. அந்த சத்தம் இருக்கே, சரக் சரக்குன்னு, ஸ்கூலுக்குத் தலை பின்னாம அம்மா பக்கத்துல உக்காந்திருந்த காலைங்க எல்லாம் அப்படியே வந்துடுச்சு. நாலு தடவை பார்த்தேன். அரிசி முறத்தை விட்டு ஒரு சாண் மேல எழும்பி நிக்கிற இடத்துல நிறுத்தி, அதைத் தான் அட்டையா பிரிண்ட் போட்டேன், அம்மாவோட வளையல் தெரியும்.

வகுப்புல வீடியோ ஓடினதும் அதே பொண்ணு "பாட்டி ஏன் அரிசியைத் தூக்கிப் போடுறாங்க?"ன்னு கேட்டுச்சு. தவிடு பறக்கறதைக் காட்டினேன். அப்புறம் எல்லாரும் நோட்டுப் புத்தகத்தை முறமாக்கி அழிரப்பர் துகளைப் புடைச்சாங்க. முறம், புடை, தவிடு, மூணு வார்த்தை ஒரே நாள்ல.

ஜனவரி இங்க தமிழ் மரபு மாதம், 2016ல கனடா பார்லிமெண்ட்லயே அறிவிச்சது, அதுக்குள்ள அட்டை எல்லாத்தையும் சுவத்துல ஒட்டணும். அடுத்து வ வரிசை, விறகுன்னு எழுதி வச்சிருக்கேன். அம்மா வீட்டுல கேஸ் அடுப்பு. உங்க வீட்டுல யாராவது இன்னும் விறகு அடுப்பு மூட்டினா, ஊதுற ஆளும் தெரியற மாதிரி ஒரு படம் எடுத்து அனுப்புங்க.