உலை கொதிக்குது, சூடு ஏறலை

ஐ.ஐ.டி. போன்ற இடங்களில் எம்.எஸ்சி. சேர எழுதும் ஜாம் தேர்வுக்கு நான் படித்ததில் பாதி பெங்களூரு சில்க் போர்டு டிராபிக் ஜாமில்தான். சிரிப்புக்காகச் சொல்லவில்லை. தங்கியிருந்தது அல்சூரில் அத்தை வீட்டில், வேலை பொம்மசந்திராவில் ஒரு மருந்துக் கம்பெனியின் தரக்கட்டுப்பாட்டு ஆய்வகத்தில். கம்பெனி பஸ்ஸில் போக ஒன்றரை மணி நேரம், திரும்பி வர அதற்கும் மேல். எம்.எஸ்சி. வேதியியல் படிக்க வேண்டும் என்ற ஆசை மட்டும் விடவில்லை.

முதல் முறை எழுதியபோது கரிம வேதியியல் ஓரளவு கைகொடுத்தது. காலை வாரியது வெப்ப இயக்கவியல். பி.எஸ்சி.யில் கைடு புத்தகத்தைப் பார்த்துச் சூத்திரங்களை மனப்பாடம் செய்தே முதல் வகுப்பு வாங்கியவள் நான். அந்தச் சூத்திரங்கள் எல்லாம் தேர்வறையிலும் நினைவில் இருந்தன. எந்தக் கணக்குக்கு எது என்றுதான் தெரியவில்லை.

எனக்கு இன்னொரு சிக்கலும் இருந்தது. பன்னிரண்டு வரை வேலூரில் தமிழ் வழியில் படித்தேன். பாடப்புத்தகத்தில் 'வெப்பம் மாறாச் செயல்முறை' என்று ஒன்று வரும். அடியாபேட்டிக் என்பதற்கான சொல். பேச்சில் நாம் சூட்டையும் வெப்பம் என்றுதானே சொல்கிறோம்? அதனால் வெப்பநிலை மாறாதது என்றே மனதில் பதிந்துவிட்டது. உண்மையில் வெப்பம் உள்ளே வராது, வெளியே போகாது, அவ்வளவுதான். தடுக்கும் அழுத்தத்தைத் தள்ளிக்கொண்டு வாயு விரிந்தால் தன் அக ஆற்றலிலிருந்தே அந்த வேலையைச் செய்கிறது, அதனால் குளிர்ந்துபோகும். கல்லூரியில் ஆங்கிலத்தில் படித்தபோதும் இந்தத் தப்பு என்னோடு கூடவே வந்தது. மூன்று வருடம் யாரும் கண்டுபிடிக்கவில்லை, நானும்தான்.

இரண்டாவது முறைக்குப் படிக்க ஆரம்பித்தபோது ஒரே ஒரு கணக்கில் பத்து நாள் நின்றேன். வெப்பம் புகாத பெட்டி, நடுவில் தடுப்பு. ஒரு பக்கம் ஒரு மோல் நல்லியல்பு வாயு, அதாவது மூலக்கூறுகள் ஒன்றையொன்று இழுக்காத, கற்பனையான வாயு; மறுபக்கம் வெற்றிடம். தடுப்பை எடுத்தால் கனஅளவு இரண்டு மடங்காகிறது. என்ட்ரோபி, அதாவது ஆற்றலும் துகள்களும் எவ்வளவு பரவிக் கிடக்கின்றன என்பதன் அளவு, எவ்வளவு மாறும்? நான் சுழி என்று எழுதினேன். வெப்பமே வரவில்லை, வெப்பத்தை வெப்பநிலையால் வகுத்தால் சுழிதானே? விடை, கெல்வினுக்கு 5.76 ஜூல். அச்சுப் பிழை என்றே முடிவு கட்டிவிட்டேன்.

ஆய்வகத்தில் எங்கள் ஊர்ப் பக்கத்து அக்கா ஒருவர் இருந்தார். டீ நேரத்தில் அவரிடம் காட்டினேன். "வேலூர்ல இருந்து பெங்களூர் வந்தியே, எவ்ளோ உயரம் ஏறியிருப்ப?" என்றார். எழுநூறு மீட்டர் இருக்கும் என்றேன். "கிருஷ்ணகிரி வழியா வந்தா ஒரு உயரம், சித்தூர் வழியா வந்தா ஒரு உயரமா? டிக்கெட் காசுதான் மாறும். என்ட்ரோபி உயரம் மாதிரி, வெப்பம் டிக்கெட் மாதிரி. நீ வந்த வழியில அளக்க முடியலன்னா, அளக்க முடியற வழியில அளந்துக்கோ."

அப்போதுதான் சூத்திரத்தில் இருக்கும் அந்த வெப்பம் மீள் செயல்முறைக்கு, அதாவது எந்தக் கட்டத்திலும் திருப்பிவிடும்படி மெல்ல நடப்பதற்கு, உரியது என்பது உறைத்தது. தடுப்பை எடுத்ததும் வாயு பாய்ந்தது மீளாச் செயல்முறை. தொடக்கமும் முடிவும் மட்டும் எனக்கு வேண்டும். வெற்றிடத்தில் தள்ள எதுவும் இல்லாததால் வேலை சுழி, வெப்பமும் சுழி, ஆகவே அக ஆற்றல் மாறவில்லை. நல்லியல்பு வாயு என்பதால் வெப்பநிலையும் மாறவில்லை. அதே இரண்டு நிலைகளுக்கு நடுவே சமவெப்பநிலையில் மெதுவாக விரிய விட்டதாக நினைத்துக்கொண்டு கணக்கிட்டால் 8.314 பெருக்கல் 2-இன் இயல் மடக்கை. 5.76 வந்துவிட்டது. அன்று பஸ்ஸில் நான் தூங்கவில்லை.

குறியீட்டுச் சண்டை பற்றி அதிகம் சொல்ல விருப்பமில்லை. ஒரு புத்தகத்தில் அமைப்பின் மேல் செய்யப்படும் வேலை நேர்க்குறி, இன்னொன்றில் அமைப்பு செய்யும் வேலை நேர்க்குறி. இரண்டையும் மாறி மாறிப் படித்ததுதான் நான் செய்த பெரிய முட்டாள்தனம். முதலாவதுதான் இன்றைய வேதியியல் வழக்கம். மற்ற புத்தகத்தைக் கட்டிப் பரணில் போட்டேன்.

சரி, அத்தை கதைக்கு வருகிறேன். அத்தைக்குக் குக்கர் சோறு பிடிக்காது, வடித்தால்தான் சோறு. கல்யாணமாகி அல்சூர் வந்து முப்பது வருடமாகியும் ஒரே புலம்பல். "வேலூர்ல சட்டுனு வெந்துடும்டி. இங்க உலை கொதிக்குது, சூடு ஏறலை. இன்னா தண்ணியோ!" காவிரித் தண்ணீர் மேல்தான் பழி.

அழுத்தம் மாறினால் கொதிநிலை எவ்வளவு மாறும் என்று சொல்லும் கிளாசியஸ் கிளாபிரான் சமன்பாடு படித்த வாரம், பாவம் காவிரி என்று தோன்றியது. பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேலே இருக்கிறது. காற்றழுத்தம் ஏறக்குறைய 0.9 வளிமண்டலம். நீரின் ஆவியாதல் என்தால்பி, அதாவது ஆவியாக்கத் தேவையான வெப்பம், மோலுக்கு 40.7 கிலோஜூல் என்று போட்டுப் பார்த்தால் கொதிநிலை 97 டிகிரி. வேலூரில் 99-க்குச் சற்று மேலே. தீயை எவ்வளவு கூட்டி வைத்தாலும் 97-ஐத் தாண்டாது, தண்ணீர்தான் வேகமாக வற்றும். கொதிக்குது, சூடு ஏறலை! அத்தை சொன்னது அட்சர சுத்தம். குக்கரில் வெயிட் கொடுக்கும் அழுத்தம் சுமார் ஒரு வளிமண்டலம். இங்கே மொத்தம் 1.9, கடலோரத்தில் 2. கணக்கு போட்டால் 119, 121 டிகிரி. திறந்த பாத்திரத்தில் கடலோரத்தோடு இருந்த மூன்று டிகிரி வித்தியாசம் இரண்டுக்கும் கீழே சுருங்குகிறது, அதுவும் நூற்றுக்கு மிக மேலே. இதை விளக்கிக் குக்கருக்கு ஆதரவு திரட்டப் பார்த்தேன். "நீ பரீட்சைக்குப் படி" என்றார் அத்தை.

அதன் பிறகு பழைய வினாத்தாள்கள்தான் என் புத்தகம். ஒவ்வொரு கணக்கிலும் எண்ணைத் தொடும் முன் மூன்று வரி எழுதுவேன்: எது அமைப்பு, எது மாறாமல் இருக்கிறது, விடை நேர்க்குறியா எதிர்க்குறியா. வாயு மாறிலியை எந்த அலகில் எடுக்கிறேன் என்பதை ஓரத்தில் குறிப்பேன். லிட்டர் வளிமண்டலத்தை ஜூலாக்க 101.3-ஆல் பெருக்க மறந்து எத்தனை விடை போனதோ.

தேர்வில் 60 கேள்வி, 100 மதிப்பெண், 3 மணி நேரம். ஒற்றை விடைக் கேள்விகள் 30, அவற்றில் தப்பினால் மதிப்பெண் கழியும். எண்ணை நாமே தட்ட வேண்டிய 20 கேள்விகளில் கழியாது. முதல் முறை பயத்தில் அவற்றைக் கடைசிக்குத் தள்ளினேன், இந்த முறை அங்கிருந்தே தொடங்கினேன். சொந்தக் கால்குலேட்டர் கூடாது, திரையில் வருவதுதான். அதில் எண்ணைத் தட்டிவிட்டு அப்புறம் மடக்கைப் பொத்தானை அழுத்த வேண்டும். இதை வீட்டிலேயே பழகியிருந்ததால் கை தடுமாறவில்லை.

பிப்ரவரியில் எழுதினேன், கோடையில் இடம் கிடைத்தது, வேலையை விட்டேன். தரவரிசை பெருமைப்படும்படி இல்லை. உண்மை வாயுவுக்கு அழுத்தத்தின் இடத்தில் போடும் ஃபுகாசிட்டி இன்னும் முழுதாகப் பிடிபடவில்லை, முதல் செமஸ்டரிலேயே அது வருகிறதாம். கிளம்பும் அன்று அத்தை வடித்த சோறும் ரசமும்தான். சோறு கொஞ்சம் நறுக்கென்று இருந்தது, நான் ஒன்றும் சொல்லவில்லை.