'வரவில்லை' என்ற ஒரு சொல்

சமூகப்பணி முதுகலை ஆய்வேட்டுக்கு 'சேவை நிறுவனங்களில் ஆராய்ச்சிப் பண்பாடு' என்று தலைப்பு எடுத்தவன் நான். முதல் நாளே நாற்பது கேள்விகளோடு ஓர் ஆலோசனை மையத்துக்குள் நுழைந்தது முதல் தப்பு. மூத்த பணியாளர் ஒருவர் தாளைப் புரட்டிவிட்டு, "இதில் எங்களுக்கு வேண்டிய கேள்வி எது தம்பி?" என்றார். என்னிடம் பதில் இல்லை.

சரி என்று வினாத்தாளைப் பையில் போட்டுவிட்டு, அவர்களுடைய வாராந்தரக் கூட்டங்களில் சும்மா உட்கார்ந்தேன். ஒரு புலம்பல் மட்டும் திரும்பத் திரும்ப வந்தது: முதல் சந்திப்புக்கு வருகிறவர்கள் மூன்றாவதற்கு ஏன் வருவதில்லை? அதையே ஆய்வுக் கேள்வியாக்கினோம். கோப்புகளில் கடைசிவரை வந்தவர்களைப் பற்றிப் பக்கம் பக்கமாக இருந்தது. நின்றுபோனவர்களுக்கு 'வரவில்லை' என்ற ஒரே சொல். காரணம் எழுத ஒரு கட்டம் சேர்த்து, பேசிக் கேட்க ஓர் ஆளையும் ஒதுக்கினோம். ஈடுபாடு இல்லை என்று நாங்கள் நினைத்திருந்த பலர், வேலை நேரத்தில் வர முடியவில்லை என்றார்கள். அப்புறம் பதிவேட்டை நான் கேட்கவே வேண்டியிருக்கவில்லை. பணியாளர்களே கூட்டத்துக்குக் கொண்டுவந்தார்கள்.

தேர்வுக்குப் படிப்பவர்கள், உளவியலாளர் குர்ட் லெவின் 1946இல் எழுதிய செயல் ஆய்வை (களத்தில் இருப்பவர்களோடு சேர்ந்து, நடைமுறையை மாற்றிக்கொண்டே ஆராய்வதை) இப்படி ஒரு அனுபவத்தோடு சேர்த்துப் படித்தால் மறக்காது. ஆனால் ஒரு சேவை உண்மையில் பலன் தந்ததா என்ற மதிப்பீட்டுக் கேள்விக்கு நான் எடுத்துக்காட்டுவது, சிறுவர்கள் குற்றவழியில் போகாமல் தடுக்க அமெரிக்காவில் நடந்த கேம்பிரிட்ஜ்-சோமர்வில் ஆய்வைத்தான். 1939இல் தொடங்கியது. 506 சிறுவர்கள், பாதிப் பேருக்கு ஆலோசனையும் உதவியும், ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான மறுபாதிக்கு இல்லை. சுமார் 30 ஆண்டுகள் கழித்து ஆய்வாளர் ஜோன் மெக்கார்ட் அந்தச் சிறுவர்களைத் தேடிப்பிடித்து, 1978இல் முடிவை வெளியிட்டார். உதவி பெற்றவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் 'பயன்பட்டது' என்றார்கள். குடிப்பழக்கம், கடும் மனநோய் போன்றவற்றில் அவர்கள் நிலைதான் மற்றவர்களைவிட மோசம்! திருப்திப் படிவத்தை மட்டும் நம்பும் நிறுவனத்துக்கு இதைவிடப் பெரிய அதிர்ச்சி வேண்டுமா?

வாய்மொழித் தேர்வில் என்னையே மடக்கினார்கள்: "உங்கள் ஆய்வில் ஒப்பீட்டுக் குழு எங்கே?" இல்லை என்று ஒப்புக்கொண்டு, அதனால் எதைச் சொல்ல முடியாது என்பதையும் சொன்னேன். சமாளித்திருந்தால் மதிப்பெண் போயிருக்கும்.

ஒப்புதல் கேட்கும்போது, 'மறுத்தாலும் சேவை நிற்காது' என்பதை வாயாலும் சொல்லுங்கள். கோப்பிலிருந்து எடுக்கும்போது பெயருக்குப் பதில் எண் போடுங்கள். ஆய்வேட்டைக் கல்லூரியில் கொடுப்பதற்கு முன்பே, முடிவுகளை ஒரு பக்கத்தில் எழுதி மையத்தின் கூட்டத்தில் வாசியுங்கள். நான் வாசித்தபோது இரண்டு இடங்களில் என்னைத் திருத்தினார்கள்.