மியூச்சுவல் ஃபிரெண்ட் 'பரஸ்பர நண்பர்' ஆகமாட்டார்

'மியூச்சுவல்' என்ற சொல்லுக்கு அகராதியைப் புரட்டினால் 'பரஸ்பரம்' என்று இருக்கும். அதை அப்படியே நம்பி 'மியூச்சுவல் ஃபிரெண்ட்' என்பதைப் 'பரஸ்பர நண்பர்' என்று மொழிபெயர்க்கிறவர்கள் நிறையப் பேர். அங்கேதான் சறுக்குகிறது.

மாலாவுக்குக் கீதா மேல் மரியாதை, கீதாவுக்கும் மாலா மேல் மரியாதை. இது 'மியூச்சுவல் ரெஸ்பெக்ட்'. மரியாதை அவர்கள் இருவருக்குள்ளேயே போய்த் திரும்புகிறது. பரஸ்பரம், ஒருவருக்கொருவர் என்பதெல்லாம் இங்கே கச்சிதமாகப் பொருந்தும். ஆனால் ரவி என்பவர் இருவருக்கும் நண்பர் என்றால் அவர் மூன்றாம் ஆள். அவரைப் 'பொது நண்பர்' என்றோ 'ரெண்டு பேருக்கும் தெரிஞ்சவர்' என்றோதான் தமிழில் சொல்ல முடியும். 'பரஸ்பர நண்பர்கள்' என்று எழுதினால் மாலாவும் கீதாவும் நண்பர்கள் என்று ஆகிவிடும், ரவி காணாமல் போய்விடுவார்.

இந்த இரண்டாவது பொருளே தவறு, 'காமன் ஃபிரெண்ட்' என்பதே சரி என்று ஆங்கிலத்திலும் சில இலக்கணக்காரர்கள் மல்லுக்கு நின்றார்கள். எடுபடவில்லை. 'காமன்' என்றால் 'மட்டமான' என்றும் ஒரு பொருள் உண்டே, நண்பரை யார் அப்படிச் சொல்வார்கள்? 1864–65இல் தொடராக வந்த ஆங்கில எழுத்தாளர் டிக்கன்ஸின் நாவல் தலைப்பே 'அவர் மியூச்சுவல் ஃபிரெண்ட்' (Our Mutual Friend)தான். இன்று தயங்காமல் எழுதலாம். வேடிக்கை என்னவென்றால், சமூக வலைதளங்களில் 'மியூச்சுவல்ஸ்' என்றால் ஒருவரையொருவர் பின்தொடர்கிற இருவர், 'மியூச்சுவல் ஃபிரெண்ட்ஸ்' என்றால் இருவருக்கும் பொதுவானவர்கள். ஒரே திரையில் இரண்டு பொருளும் ஓடுகிறது.

அடிக்கடி கண்ணில் படும் பிழை, ஒருமையில் ஒருவருக்கு மட்டும் உரியதாக எழுதுவது: 'ஹிஸ் மியூச்சுவல் ரெஸ்பெக்ட் ஃபார் ஹெர்'. மியூச்சுவலுக்குக் குறைந்தது இரண்டு பக்கம் வேண்டும், 'தேர் மியூச்சுவல் ரெஸ்பெக்ட்' (their) என்று பன்மையில் வந்தால்தான் நிற்கும். ஒரு பக்கத்தை மட்டும் சொல்லவேண்டுமானால் 'ரெசிப்ரோக்கல்' இருக்கிறது. ஒருவர் செய்ததற்கு மற்றவர் பதிலாகச் செய்வது அது. முன்னது, பின்னது என்ற வரிசை அதில் உண்டு. 'எ ரெசிப்ரோக்கல் விசிட்' என்றால் அவர்கள் வந்துபோனதற்கு நாம் போகிற பதில் வருகை. 'எ மியூச்சுவல் விசிட்' என்று அதே இடத்தில் போட்டுப் பாருங்கள், உட்காராது. தமிழில் 'பதிலுக்கு', 'கைம்மாறு', 'எதிர்' போன்றவை ரெசிப்ரோக்கல் பக்கம்; 'ஒருவருக்கொருவர்', 'மனமொத்த' போன்றவை மியூச்சுவல் பக்கம். அலுவலக ஆணைகளில் 'மியூச்சுவல் டிரான்ஸ்ஃபர்' என்பதை 'மனமொத்த மாறுதல்' என்று எழுதுகிறார்கள். அருமையான சொல். இருவரும் சம்மதித்து இடம் மாற்றிக்கொள்வது அதிலேயே தெரிந்துவிடுகிறது.

வினையாக வரும்போது 'ரெசிப்ரோகேட்' நேராகச் செயப்படுபொருளை எடுக்கும்: 'ஷி ரெசிப்ரோகேட்டட் ஹிஸ் ஃபீலிங்ஸ்'. நடுவில் 'டு' வேண்டாம். தமிழில் 'அவன் அன்புக்கு' என்று நான்காம் வேற்றுமையில் யோசிக்கிற பழக்கம்தான் அந்த 'டு'வை நுழைத்துவிடுகிறது.

'தே போத் மியூச்சுவலி ரெஸ்பெக்ட் ஈச் அதர்' என்பதில் ஒரே செய்தி மூன்று தடவை. 'ஈச் அதர்' போதும். 'மியூச்சுவல் கோஆபரேஷன்' என்பதும் அப்படித்தான், தனியாக ஒருவர் ஒத்துழைக்க எதுவுமில்லை. தமிழில் 'பரஸ்பரம் ஒருவருக்கொருவர்' என்று எழுதுகிறவர்களும் இதே வரிசையில் வருவார்கள்.

'தி ஃபீலிங் இஸ் மியூச்சுவல்' என்பதில் மட்டும் கொஞ்சம் கவனம். அன்புக்கும் சொல்லலாம், வெறுப்புக்கும் சொல்லலாம். 'உன்னைக் கண்டாலே பிடிக்கலை' என்கிறவரிடம் இதைச் சொன்னால், 'எனக்கும் அப்படித்தான்' என்று அர்த்தம்.